எதிர்சேவைக்கு வாங்க, ஆற்றை அப்புறம் பார்க்கலாம்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் சொந்தக்காரர் இருக்கிற எல்லோரும் போன் போட்டுக் கேட்பது ஒன்றைத்தான்: "அழகர் என்னைக்கு ஆத்துல இறங்குறாரு?" அழகர்கோவில் கள்ளழகர் சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்கும் நாளைத்தான் கேட்கிறார்கள். தேதியைத் தெரிந்துகொண்டு அன்றைக்கு விடியக்காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். வைகைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே கூட்டம் மறித்துவிடும். தூக்கிப் பிடித்த செல்போன்களுக்கு நடுவே தங்கக் குதிரையின் காது நுனி தெரிந்தால் பாக்கியம். எட்டு மணிக்கு வெயிலில் வதங்கி, அத்தை வீட்டுத் திண்ணையில் சுருண்டு படுத்துவிட்டு, சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்.

கையில் ஒரு நாள்தான் இருக்கிறது, கூடவே குழந்தைகளும் வயதானவர்களும் வருகிறார்கள் என்றால், வர வேண்டியது அதற்கு முந்தின நாள். எதிர்சேவை நாள், அதாவது மதுரைக்கு வரும் அழகரை ஊரே எதிர்கொண்டு அழைக்கும் நாள். அன்றைக்கு அழகர் நம் தெரு வழியாக, பல்லக்கில், கைக்கெட்டும் தூரத்தில் வருவார். ஒரு மண்டகப்படியில் (வழியில் சாமி நின்று பூசை ஏற்கும் மண்டபம் அல்லது பந்தல்) பார்க்கத் தவறினால் அடுத்ததற்கு நடந்து போய்ப் பார்க்கலாம். அதையும் விட்டால் அதற்கடுத்தது. அழகர்கோவிலிலிருந்து மதுரை வரும் வழியில் மண்டகப்படிகள் மட்டும் நானூறுக்கும் மேல்.

முதலில் தேதிக் குழப்பம். மீனாட்சி கல்யாணம், மீனாட்சி கோயில் தேர், அழகர் ஆற்றில் இறங்குவது எல்லாம் அடுத்தடுத்து மூன்று நாள் என்று நினைத்து லீவு போடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். 2024-ல் அப்படித்தான் அமைந்தது: ஏப்ரல் 21 திருக்கல்யாணம், 22 தேர், 23 அழகர். ஆனால் 2023-ல் மே 2 கல்யாணம், 3 தேர், அழகர் 5-ம் தேதி. 2025-ல் மே 8 கல்யாணம், 9 தேர், அழகர் இறங்கியது 12. மீனாட்சி கோயில் திருவிழா நட்சத்திரத்தை ஒட்டி வருகிறது, அழகர் சித்ரா பௌர்ணமியை ஒட்டி வருகிறார். இரண்டும் முன்பு தனித்தனித் திருவிழாக்கள். மீனாட்சிக்குத் தேர் ஓடியது மாசியில். தேர் ஓடும் வீதிக்கு இன்றும் மாசி வீதி என்றுதான் பெயர். அழகர் இறங்கியது சோழவந்தான் பக்கம் தேனூரில். திருமலை நாயக்கர் காலத்தில்தான் இரண்டையும் சித்திரைக்குக் கொண்டுவந்து மதுரையில் சேர்த்தார்கள் என்பார்கள். இப்படி ஒட்டவைத்த திருவிழா என்பதால் நடுவே இடைவெளி விழுவதும் சகஜம். காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்துத் தோராயமாகக் குறித்துக்கொண்டு, கோயில் நிகழ்ச்சி நிரல் வந்ததும் உறுதி செய்துகொண்டு டிக்கெட் போடுங்கள். நிரலில் 'எதிர்சேவை, மூன்றுமாவடி' என்று எந்த நாளுக்கு நேராக இருக்கிறதோ, அதுதான் உங்கள் நாள்.

வருகிற நேரமும் முக்கியம். எதிர்சேவை அன்று காலையில் அழகர்கோவில் சாலையில் வண்டிகளைத் திருப்பிவிட ஆரம்பிப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் எந்த பஸ் எங்கே நிற்கும் என்று நடத்துனருக்கே நிச்சயமாகத் தெரியாது. தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வருகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குவீர்கள்; புதூர், மூன்றுமாவடிப் பக்கம் சொந்தக்காரர் வீடு என்றால் அது வசதிதான். தேனி, திண்டுக்கல், கோவையிலிருந்து வருகிறவர்கள் ஆரப்பாளையம். அங்கிருந்து ஆற்றைத் தாண்டித்தான் வடகரைக்கு வர வேண்டும், எனவே முந்தின நாள் ராத்திரியே வந்து சேர்வது நல்லது. ரயிலில் வந்தால் ஜங்ஷனும் தென்கரைதான். சொந்த காரில் வருவதாக இருந்தால், காரை ஊருக்கு வெளியே தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் வாருங்கள். தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்திய கார் இரண்டு நாளைக்கு வெளியே போகாது. வாசலை மறைத்தபடி ஒரு தண்ணீர்ப் பந்தலும் முளைத்திருக்கும்.

விருந்தாளியாக வருகிறவர்களிடம் வீட்டுக்காரர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற சில விஷயங்கள் உண்டு. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "ரெண்டு மூணு பேர்தான் மதினி" என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வந்து நின்றால் சோற்றைச் சமாளித்துவிடலாம், குளியலறையைச் சமாளிக்க முடியாது. திருவிழாத் தெருக்களில் தண்ணீர் லாரி உள்ளே வராது. தொட்டியில் இருப்பதை வைத்து இரண்டு நாள் ஓட்ட வேண்டும். குளித்துவிட்டு வந்தால் ஒரு நபர் குறைந்த மாதிரி. ஆளுக்கொரு போர்வை கொண்டுவாருங்கள், படுக்கை மொட்டை மாடியில்தான். அன்றைக்கு எப்படியும் யாரும் தூங்கப்போவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டும் ஆப்பிளும் வாங்கி வருவதற்குப் பதில் இரண்டு கிலோ வெல்லமோ, இருபது எலுமிச்சம்பழமோ, ஒரு தார் வாழைப்பழமோ கொண்டுவந்தால் மதினியின் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம். ஏனென்று கீழே வருகிறது. பல வீடுகளில் அந்த வாரம் கவுச்சி கிடையாது. கறிதோசை ஆசையோடு வருகிறவர்கள் அதை வேறொரு மாதத்துக்குத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

சாப்பாட்டை அன்றைக்கு அடுப்பில் நின்று சமைக்கிற வீடு திருவிழா பார்க்காது. முந்தின நாளே புளிக்காய்ச்சல் போட்டு வைத்துவிட வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு நூறு கிராம் புளி, நூற்றைம்பது மில்லி நல்லெண்ணெய். எண்ணெயைக் குறைத்தால் சாயங்காலத்துக்குள் சோறு வறண்டு உதிர்ந்துவிடும். சோற்றை அகலமான தாம்பாளத்தில் கொட்டி, ஆவி முழுக்கப் போன பிறகுதான் காய்ச்சலைச் சேர்க்க வேண்டும். சூட்டோடு கிளறி மூடி வைத்தால் வேர்த்துப்போய் ராத்திரிக்குள் நூல்விடும். தயிர்ச்சோறு என்றால் குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றிப் பிசைந்து, இரண்டு கரண்டி தயிர் மட்டும் விட்டால் போதும். மத்தியானத்துக்கு அதுவே உறைந்து பதமாக இருக்கும். சித்திரை வெயிலில் முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்தது பத்து மணிக்கே முகத்தைச் சுளிக்க வைக்கும்.

சர்க்கரைச் சொம்பு

எதிர்சேவையில் மற்ற ஊர்க்காரர்கள் வியந்து பார்ப்பது, வரிசையாகப் பெண்கள் கையில் ஏந்தி நிற்கும் சர்க்கரைச் சொம்பைத்தான். பார்ப்பதற்கு எளிது. சரியாகக் கட்டாவிட்டால் கையைச் சுட்டுவிடும்.

அரை லிட்டர் பிடிக்கிற பித்தளைச் சொம்புக்கு நானூறு கிராம் நாட்டுச் சர்க்கரை தேவைப்படும். கழுத்து வரை, விளிம்புக்கு மட்டமாக, தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். சிக்கனம் பார்த்து முக்கால் சொம்போடு நிறுத்தினால் மேலே கட்டும் இலை உள்வாங்கும், தீபம் சாயும். வாழை இலையில் நடு நரம்பில்லாத இளம் பகுதியாக ஒரு சாண் அகலத்துக்கு நறுக்கி, அடுப்புத் தணலில் இரண்டு தடவை வாட்டி எடுங்கள். பச்சையாகக் கட்டினால் மடிக்கிற இடத்தில் கிழியும். வாட்டிய இலை துணி மாதிரி படியும். இரண்டடுக்காக வாய்மேல் போர்த்தி, கழுத்தில் வாழை நாரால் இறுக்கி மூன்று சுற்று. நாரை முன்பே நனைத்துக்கொண்டால் முடிச்சு நழுவாது. நாருக்கு மேல் மல்லிகைச் சரம். சரத்தின் நுனி மேலே தொங்கக் கூடாது, நெருப்பு தொட்டுவிடும்.

கற்பூரத்தை இலைமேல் நேராக வைத்து ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அது இலையைப் பொசுக்கிக்கொண்டு உள்ளே இறங்கினால் சர்க்கரை உருகும். உருகிய சர்க்கரை தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உதறினாலும் போகாது, சுடுதண்ணீரைவிட மோசமாகக் கொப்புளிக்கும். வெற்றிலை இரண்டை அடியில் போட்டு, அதன்மேல் சின்ன அகலில் நெய்த்திரியோ ஒரே ஒரு கற்பூரமோ வைத்தால் அந்தப் பயம் இல்லை. சொம்பின் கழுத்தைப் பிடிக்காமல் அடியைத் தாங்கிப் பிடியுங்கள். பித்தளை மேலிருந்துதான் சூடேறும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும், பின்னலை முன்னால் விடக் கூடாது. பின்னால் நிற்கிறவருடைய சொம்பு நம் தலைமுடியிலிருந்து அரை அடி தூரத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

ஏற்றுகிற நேரத்தில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். "வந்துட்டாரு வந்துட்டாரு" என்று யாராவது கத்தியதும் ஏற்றிவிடுவார்கள். வருவது தீத்திரி ஏந்தி ஆடும் திரியாட்டக்காரர்களாக இருக்கும். அவர்களுக்குப் பின்னால் கருப்பசாமி வேடம் கட்டியவர்கள் அரிவாளும் சாட்டையுமாக வருவார்கள். அழகர் மேல் வர்ணிப்புப் பாட்டுப் பாடுகிறவர்கள் ஒரு கூட்டமாக நின்று நிதானமாகப் பாடி முடிப்பார்கள். அதற்கெல்லாம் பிறகுதான் பல்லக்கு. பல்லக்கின் குடை தெரிந்த பிறகு ஏற்றினால் போதும். தரிசனம் முடிந்ததும் இலையைப் பிரித்துச் சர்க்கரையைச் சுற்றி இருக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். யாரென்றே தெரியாதவர் உள்ளங்கையில் ஒரு கிள்ளு சர்க்கரை வைப்பார், நீங்களும் வைப்பீர்கள். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் பாயசத்தில் போடலாம்.

எங்கே நிற்பது? மூன்றுமாவடியில் எதிர்கொண்டு அழைப்பதுதான் பேர்பெற்றது, ஆகவே கூட்டமும் அங்கேதான். விடிவதற்கு முன்பே சேர்ந்தால் ஒழிய உள்ளே நுழைய வேண்டாம். அங்கிருந்து புதூர் வழியாகத் தல்லாகுளம் வரை சாலையின் இரு பக்கமும் மண்டகப்படிகள்தான். பெரிய மண்டபங்களை விட்டுவிட்டு, இரண்டு பெரிய மண்டபங்களுக்கு நடுவில், மரத்தடியில், ஏதாவது பக்கத் தெரு வந்து சேருகிற இடமாகப் பாருங்கள். பக்கத் தெரு ஏன் என்றால், கூட்டம் நெருக்கினால் பின்வாங்கிக்கொள்ள அதுதான் வழி. சாலையின் மேற்குப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் நிழல் விழும்; காலையில் கிழக்குப் பக்கம். அப்பத்தாவுக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி கொண்டுபோங்கள், அந்தத் தெரு வீட்டு வாசற்படியில் போட்டுக்கொள்ளக் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அழகர் எந்த மண்டகப்படியில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. நிரலில் போட்டிருக்கும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு காத்திருந்தால் கோபம் வராது.

கூடவே உண்டியல்களும் வண்டியில் வரும். காணிக்கையை அதில் போட வேண்டுமே தவிர, பல்லக்கை நோக்கிச் சில்லறையை எறியக் கூடாது. பட்டர்களின் நெற்றியில் பட்டிருக்கிறது.

பானகமும் மோரும்

மதினிக்கு வெல்லம் கொண்டுவரச் சொன்னதன் காரணம் இது. வாசலில் ஒரு அண்டா வைக்காத வீடு திருவிழாத் தெருவில் குறைவு. பத்து லிட்டர் பானகத்துக்கு ஒன்றரைக் கிலோ வெல்லம், எலுமிச்சை பத்து, சுக்குப் பொடி முப்பது கிராம், ஏலக்காய் பதினைந்து, உப்பு இரண்டு சிட்டிகை. பச்சைக் கற்பூரம் மிளகளவுக்கு மேல் போட்டால் மருந்து வாடை அடிக்கும். வெல்லத்தைத் தூளாக்கி ஒரு லிட்டர் வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி எடுப்பது கட்டாயம். அடியில் தங்கும் மண்ணைப் பார்த்தால் ஏன் என்று புரியும். எலுமிச்சையை மட்டும் கடைசி நிமிடத்தில், விதை விழாமல் பிழிய வேண்டும். முன்கூட்டியே பிழிந்து தோலோடு உள்ளே போட்டுவிட்டால் ஒரு மணி நேரத்தில் கசப்பு இறங்கிவிடும். பித்தளை அண்டா பார்வையாக இருக்கும், ஆனால் புளிப்பு பட்டால் களிம்பு கிளம்பும். எவர்சில்வரோ மண்பானையோ போதும்.

வெல்லத் தண்ணீர் இந்த வெயிலில் ஆறேழு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மேலே நுரை கட்டி, மூக்கில் லேசாகக் கள் வாடை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதனால் நாற்பது லிட்டரை ஒரே தடவையில் கரைக்காமல், பாகை மட்டும் காய்ச்சி வடிகட்டி மூடி வைத்துக்கொண்டு, பத்துப் பத்து லிட்டராகக் கலக்குவதுதான் கைகண்ட வழி.

மோருக்கு ஒரு லிட்டர் தயிருக்கு நான்கு லிட்டர் தண்ணீர். உப்பு நான்கு தேக்கரண்டியில் ஆரம்பித்து ருசி பார்த்துக் கூட்டலாம். இஞ்சி ஒரு விரல் நீளம், பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம். இஞ்சி மிளகாயை அரைத்துப் பிழிந்து சாறாக விட்டால் குழந்தைகளும் குடிப்பார்கள். நறுக்கிப் போட்டால் தொண்டையில் சிக்கி இருமுவார்கள். இரண்டு பானத்துக்கும் பொதுவான பெரிய தப்பு ஐஸ். பார் பாராக வருகிற ஐஸ் மீன் பெட்டிக்கும் போகிறது, சர்பத் கடைக்கும் போகிறது. எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாது. அண்டாவைச் சுற்றிக் கட்டியை அடுக்கி, மேலே ஈரச்சாக்கைப் போர்த்துங்கள், உள்ளே போடாதீர்கள். குடிக்க வருகிறவர்களும் மற்ற பந்தல்களில் இதைக் கவனித்துக்கொண்டால் ஊர் திரும்பிய பிறகு வயிற்றைப் பிடிக்க வேண்டியிராது. வீட்டு வாசலைத் தாண்டிப் பெரிய அளவில் அன்னதானம் செய்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்பே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். அடுப்பை ஏற்றிய பிறகு அதிகாரிகள் வந்து நிற்பதைவிட அது எளிது.

இரவு தல்லாகுளம்

ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கு மேல் அழகர் தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்கு வந்துவிடுவார். வழியெல்லாம் கள்ளர் கோலத்தில், கையில் எறிவதற்கான வளைந்த வளரித்தடியோடு வந்தவருக்கு அங்கே திருமஞ்சனம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை சார்த்தி, தங்கக் குதிரையில் ஏற்றுவார்கள். பின்ராத்திரியில் கருப்பணசாமி கோயிலுக்கு முன்னால் ஆயிரம் பொன் சப்பரத்தில் எழுந்தருள்வார். எங்களைக் கேட்டால் மொத்தத் திருவிழாவிலும் பார்த்தே ஆக வேண்டியது இந்த நேரம்தான். வெயில் இல்லை, கூட்டத்தில் பாதி ஆற்றங்கரையில் இடம் பிடிக்கப் போயிருக்கும். என்ன நிறப் பட்டு உடுத்தியிருக்கிறார் என்ற சேதி இங்கேயே கசிந்துவிடும். பச்சை என்றால் அந்த வருடம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று பெரியவர்கள் தலையாட்டிக்கொள்வார்கள்.

இதைப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை குழந்தைகளைத் தூங்க வைத்துவிட வேண்டும். தூங்காத குழந்தையை இரண்டு மணிக்குத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பது யாருக்கும் சுகமில்லை. சட்டைப் பையில் பெயரும் இரண்டு போன் நம்பரும் எழுதிய அட்டை இருக்கட்டும். கையில் பேனாவால் எழுதுவது வேர்வையில் அழிந்துவிடுகிறது. பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கூட்டம் கூடினால் போன் வேலை செய்யாது. மணி அடிக்கும், குரல் வராது, சில நேரம் மணியே அடிக்காது. பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பேசி வைத்துவிடுங்கள். "பெருமாள் கோயில் பக்கம்" என்று சொன்னால் ஐயாயிரம் பேர் இருப்பார்கள். கடைப் பெயர், எத்தனையாவது படி என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். அல்லது, பிரிந்தால் யாரும் யாரையும் தேடாமல் நேரே வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இதுதான் மேல். நகையை வீட்டில் கழற்றி வைக்கச் சொன்னால் "திருவிழாவுக்குப் போடாம எப்ப போடுறது" என்பார்கள். சொல்வதைச் சொல்லிவிட்டோம்.

ஆற்றுக்கே போவதென்றால்

இவ்வளவு சொல்லியும் இறங்குவதைப் பார்த்தே தீருவேன் என்கிறவர்கள் இருப்பார்கள். தடுக்க முடியாது, அழகர் இழுக்கிற இழுப்பு அப்படி. காலை ஆறு மணியை ஒட்டித்தான் இறங்குவார். வடகரையில் ஆழ்வார்புரம் பக்கம் நிற்க வேண்டுமானால் நள்ளிரவுக்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும். தடுப்புக் கட்டையை ஒட்டி முதல் வரிசையில் நிற்பது நல்ல இடம் என்று தோன்றும். பின்னாலிருந்து தள்ளு வந்தால் விலா எலும்பு அந்தக் கம்பியில்தான் அழுந்தும். இரண்டு மூன்று வரிசை பின்னால், ஓரமாக நில்லுங்கள்.

கூட்டத்தில் ஆபத்து சாமி வரும்போது குறைவு, சாமி கடந்த மறு நிமிடம்தான் அதிகம். வந்துகொண்டிருக்கும் வரை எல்லோரும் ஒரே திசையைப் பார்த்து நிற்கிறார்கள். கடந்ததும் பாதிப் பேர் சாமியின் பின்னால் ஓடுகிறார்கள், மீதிப் பேர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள், இரண்டும் ஒரே குறுகலான வாயில் மோதுகிறது. 2022-ல் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்தது மதுரை மறக்காத விஷயம். ஆகவே கடந்ததும் கிளம்பாதீர்கள். இருபது நிமிடம் இருந்த இடத்திலேயே நின்று, ஓரம் பார்த்துக் குறுக்காக வெளியேறுங்கள். எதிர்த்து நடக்காதீர்கள். நெருக்கம் கூடினால் இரண்டு கைகளையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். செருப்போ போனோ கீழே விழுந்தால் விட்டுவிடுங்கள், குனிந்தவர் எழுவது கஷ்டம்.

திருவிழாவுக்காக வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடுவார்கள். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் குதிக்கப் பார்ப்பார்கள். மேலே முழங்கால் தண்ணீராகத் தெரியும் இடத்தில் அடுத்த எட்டில் ஆளை முழுங்கும் பள்ளம் இருக்கும். கண்ணாடித் துண்டும் சகதியும் சொல்லவே வேண்டாம். கால் நனைக்கக் கரையோரம் போதும்.

மத்தியானம் ராமராயர் மண்டபத்தில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்ச்சை. அதற்கான தோல்பை ஆட்டுத்தோலில் தைத்தது, வாயில் சன்னமான குழாய். கடையில் வாங்கும்போது விறைத்துக் கிடக்கும். முந்தின ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டால்தான் மடங்கும், தையலும் உப்பிக்கொண்டு ஒழுகுவது நிற்கும். திரியாட்ட உடுப்பு, சல்லடம் என்கிற அரைக்கால் உடுப்பு எல்லாம் முன்பு புதுமண்டபத்தில் தைத்துத் தந்த கைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கின்றன. அளவு கொடுத்துத் தைக்க வேண்டுமானால் கொடியேற்றத்துக்கு முன்பே போய்விட வேண்டும். கடைசி வாரத்தில் போனால் தொளதொளவென்று ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். விசைப்பம்பு வைத்துப் பீய்ச்சுவதும், தண்ணீரில் எதையாவது கலப்பதும் கூடாது, உயர்நீதிமன்றமே சொல்லியாகிவிட்டது. குதிரை மீதும் பட்டர்கள் மீதும் அந்த வேகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

வெயிலைப் பற்றி ஒன்று மட்டும். தாகம் எடுத்த பிறகு குடிக்கிற தண்ணீர் தாமதமான தண்ணீர். வயதானவர் யாராவது வேர்ப்பது நின்று, தோல் சுட்டு, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது சாமி வந்ததில்லை. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் உடம்பு முழுக்க நனைத்து விசிறிக்கொண்டே 108-க்குச் சொல்லுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் மோரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு வேளை கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; மத்தியானம் வீடு திரும்பிவிடலாம் என்ற கணக்கு அன்றைக்குச் செல்லாது. வெறுங்காலோடு நேர்ந்துகொண்டவர்கள் தார்ச் சாலையின் நடுவை விட்டு வெள்ளைக் கோட்டின் மேலோ மண் ஓரத்திலோ நடந்தால் பாதம் தப்பும்.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்கும் இதே நிதானம்தான். காலை எட்டிலிருந்து மத்தியானம் வரை பஸ் ஸ்டாண்டுக்கே போக வேண்டாம். வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நாலு மணிக்குக் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும்.

எல்லாமே தவறிவிட்டது, தேதி ஒத்துவரவில்லை என்றாலும் குறையில்லை. தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வந்த அழகரே நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றுதானே ஊரில் கதை சொல்கிறார்கள்! அவர் வண்டியூர் போய், தேனூர் மண்டபத்தில், சாபத்தால் தவளையான மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுத்து, ராமராயர் மண்டபத்தில் விடிய விடியத் தசாவதாரம் காட்டி, மோகினி கோலத்தில் மறுபடி தல்லாகுளம் வருவார். ஆற்றில் இறங்கிய நாளை முதல் நாளாக எண்ணினால், மூன்றாம் நாள் ராத்திரி சேதுபதி மண்டபத்திலிருந்து பூப்பல்லக்கு. கூட்டம் பத்தில் ஒன்றுகூட இருக்காது. வெளியூர்க்காரர்கள் போயிருப்பார்கள், பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், ரோட்டில் நசுங்கிய மல்லிகை வாசம் இருக்கும். அப்பத்தாவின் முக்காலியைப் பல்லக்கு போகிற பாதைக்குப் பத்தடியில் போட்டு உட்கார வைக்கலாம்.